ஒத்தக்கண்ணு சாரும் அறுபத்து மூன்று கேமராக்களும்

தாம்பரத்தில் தொடங்கி சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்டாலும், ஒத்தக்கண்ணு சாரைவிட அதிகமாக மனிதர்களைப் படம் எடுத்த ஒருவரைக் காட்டிவிட முடியாது. பதினோரு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல் எடுத்தார். பிறந்த குழந்தையை எடுத்தார். தண்ணீர் லாரிக்காரரை எடுத்தார். லிஃப்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்து வெளியே வந்தவரை, வந்த கையோடு நிறுத்தி எடுத்தார். அந்தப் படங்களில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை.

பெயரைக் கேட்டுத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். வாழ்நாளெல்லாம் கேமராவின் துளை வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பார்த்து, எதையாவது உற்றுப் பார்த்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. கேம்ப் ரோட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் மூடிக்கொள்ளும். காய்கறிக்கார அம்மா ஆரம்பத்தில் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று நினைத்து எடைக்கல்லைக் கையில் எடுத்துவிட்டார். சாருடைய மனைவி நேரில் போய், "அவர் என்னைக்கூட அப்படித்தாம்மா பாக்கறாரு" என்று விளக்கம் சொன்ன பிறகுதான் கல் தராசுக்குத் திரும்பியது.

கிழக்குத் தாம்பரத்தில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில் அவர் தரைத்தளம். நாங்கள், அதாவது அப்பா, அம்மா, நான், நேர் மேலே முதல் மாடி. சார் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் குடியிருப்போர் சங்கத்தின் பதிவேட்டில் எங்கோ இருந்தது. அதைப் புரட்டிப் பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை.

அவரிடம் அறுபத்து மூன்று ஃபிலிம் கேமராக்கள் இருந்தன. டப்பா கேமரா, மடித்தால் புத்தகம் போலவும் விரித்தால் ஆர்மோனியம் போலவும் ஆகிற கேமரா, தூக்கினால் தோள்பட்டை இறங்குகிற ரஷ்யா கேமரா, வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்க்கிற ரெட்டைக் கண் கேமரா. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சீட்டு ஒட்டியிருந்தார். எங்கள் செயலாளர் இந்தக் கூட்டத்துக்கு அறுபத்துமூவர் என்று பெயர் வைத்தார். சார் கோபித்துக்கொள்ளவில்லை. அதையே பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒருவரைப் புறப்பாடு பண்ணி வெளியே கொண்டுவர ஆரம்பித்துவிட்டார். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறுதான். மிச்சம் பதினோரு கேமராவுக்கு அரசு விடுமுறைகளை ஒதுக்கியிருந்தார். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால் நாம் எல்லோரும்தான் வருந்துவோம். அவர் வருந்திய காரணம் வேறு.

"ஓட்டம் இல்லேன்னா உள்ள கிரீஸ் இறுகிடும் தம்பி. ஷட்டர் சோம்பேறியாயிடும். மனுஷன் மாதிரிதான், நடக்கணும்" என்பார்.

கேமராக்களுக்குக் கிரீஸ் ஓர் எதிரி என்றால் பூஞ்சை பெரிய எதிரி. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். அதற்காக இரும்பு பீரோவுக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு வெள்ளைப் பொட்டலம் இருக்குமே, அதை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். எங்கள் குடியிருப்பில் யார் எப்போது செருப்பு வாங்கினார்கள் என்பது அவர்களுடைய மாமியாருக்கு முன்னால் சாருக்குத் தெரிந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பக்கம் வடகம் காயும், மறு பக்கம் கேமராக்கள் காயும், நடுவில் சார் குடை பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் காக்கை ஓட்டுவார்.

"பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு அதுங்களுக்கு வெளக்கு. எனக்கு முட்டி வலிக்குதுன்னா தைலம் தேச்சுக்கோன்னு சொல்ல வாய் வராது" என்பார் அவர் மனைவி. அவரை நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம்.

வெள்ளிக்கிழமை என்றால் சார் பல்லாவரம் சந்தையில் இருப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். தையல் மிஷின், உடைந்த கடிகாரம், யாரோ பரிசாக வாங்கிய கோப்பைகள் என்று பரப்பி வைத்திருந்த ஒரு கடையில், தூசி படிந்த கேமரா ஒன்றை எடுத்தார். ஷட்டரைத் தட்டிக் காதருகே வைத்துக் கண்ணை மூடினார். மறுபடி தட்டினார். பத்து நிமிடம் ஆயிற்று.

"இன்னா சார், அத்த காதாண்ட வெச்சிகினு இன்னா கேக்குற? பாட்டு பாடுதா?" என்றார் கடைக்காரர்.

"வேகத்த அறுபதுல வெச்சேன். முப்பதுலதான் ஓடுது."

"ஓடுதுல்ல? அப்ப எட்துக்கினு போ சார். காலங்காத்தால பேஜார் பண்ணாத."

எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு திருகாணி இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் செய்து வாங்க திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். முதல் தடவை லேத் பட்டறைக்காரர் சிரித்தார். இரண்டாம் தடவை, "சார், என் மிஷின்ல சின்னதுன்னா அது பம்பு ஷாஃப்ட்டுதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாம் தடவை, இவரை வாசலில் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்து கொடுத்துவிட்டார். கைம்மாறாக அவரையும், அவர் மனைவியையும், பம்பு ஷாஃப்ட்டையும் சார் படம் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் புறப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் அன்றைய கேமரா, கையில் வெளிச்சம் அளக்கும் சின்னக் கருவி. அதை நம் கன்னத்தருகே கொண்டுவந்து, காய்ச்சல் பார்க்கிற டாக்டர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். அப்புறம், "அசையாதீங்க" என்பார். க்ளிக். "நன்றி" என்று ஒரு கும்பிடு. பிறகு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, நீள நோட்டில் பென்சிலால் ஐந்து நிமிடம் எழுதுவார். ஃபிலிம்காரர்கள் வெளிச்சக் கணக்கைக் குறித்துவைப்பது வழக்கம்தானே என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

முதல் வருடம் எல்லோரும், "போட்டோ எப்ப சார் வரும்?" என்று கேட்டார்கள். "பாக்கலாம்" என்பார். இரண்டாம் வருடம் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவரவர் கையில் போன் இருந்தது, ஆளுக்கு ஆயிரம் படம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறு எட்டு மணிக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு கீழே இறங்குவதை யாரும் நிறுத்தவும் இல்லை.

இறங்காதவர் ஒருவர் இருந்தார். என் அப்பா.

அப்பா கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்திலிருந்துதான், கண்காணிப்பதிலிருந்து இல்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நகைச்சுவையைக் கேட்டால் மூக்கு மட்டும் லேசாக விரியும், அவ்வளவுதான். கல்யாணப் படத்திலேயே பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவனைத் தேடுகிற முகத்தோடு நிற்கிறார், பக்கத்தில் அம்மா பிடிபட்டவள் போல நிற்கிறாள். பணி ஓய்வுப் படத்தில் ரோஜா மாலை மூக்குவரை மறைத்துவிட்டது. மற்றதெல்லாம் அடையாள அட்டைகளுக்காக எடுத்தவை.

ஒவ்வொரு ஞாயிறும் பால் பாக்கெட்டோடு திரும்பும் அப்பாவைச் சார் வழிமறிப்பார்.

"சார், ஒரே ஒரு படம்."

"வேணாம் சார். வேற வேலை இருக்கு."

இது வருடக்கணக்காக நடந்தது. அப்பாவுக்கு அவர்மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மார்கழியில் தெருவில் ஏறிய மழைத் தண்ணீர் தரைத்தளத்துக்குள் வந்தபோது, சார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் கேமராப் பெட்டி. அறுபத்து மூன்றும் மேலே ஏறி முடிகிறவரை ஆன்ட்டி முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். அப்பா தன் கட்டிலைக் காலி பண்ணி, மெத்தைமேல் கேமராக்களை அடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தார். அம்மா கேட்டதற்கு, "பூஞ்சை புடிச்சா அந்த ஆளு தாங்க மாட்டாரு" என்றார். எனக்குத் தெரிந்து ஓர் அண்டைவீட்டுக்காரரைப் பற்றி அப்பா சொன்ன மிக நீளமான பாராட்டு அதுதான்.

அப்புறம் ஒரு ஞாயிறு. நான் பால்கனியில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். கீழே அப்பா பால் பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தானாகவே உட்கார்ந்தார். எதிரே சார், அன்றைக்கு ரெட்டைக் கண் கேமரா. அதில் எடுக்க வேண்டுமானால் எதிரில் இருப்பவருக்குத் தலை குனிந்துதான் ஆக வேண்டும். ஒரு கண்ணை மூட வேண்டிய அவசியமே கிடையாது. சார் இடது கண்ணையும் மூடிக்கொண்டு குனிந்தார். அப்பா ஏதோ கேட்டார். சார் நிமிர்ந்து மேலே பார்த்துவிட்டு ஏதோ பதில் சொன்னார். அப்பா மறுபடி ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மூக்கு விரிகிற சிரிப்பு இல்லை. வாய் முழுக்கத் திறந்து, பல் செட் தெரிய, தோள் குலுங்க ஒரு சிரிப்பு. நான் டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"அம்மா, சீக்கிரம் வா! அப்பா சிரிக்கிறாரு!"

"இருடா, அடுப்புல எண்ணெய் இருக்கு."

அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, அம்மா பால்கனிக்கு வந்து பார்த்தபோது, அப்பா பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பழைய முகத்தோடு நடந்துவந்துகொண்டிருந்தார்.

"யாரு, இவரா சிரிச்சாரு? நீ வேற யாரையாச்சும் பாத்திருப்ப" என்றாள் அம்மா.

என்ன சிரிப்பு என்று அப்பாவிடம் கேட்டேன். "எப்போ?" என்றார்.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன அப்பா திரும்பி வரவில்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் அட்டைப் படம்தான் கிடைத்தது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் அதைப் பெரிசாக்கப் பெரிசாக்க அப்பாவின் கோபமும் பெரிசாகிக்கொண்டே போனது. ஸ்டூடியோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"சார், லைட்டா ஒரு ஸ்மைல் வெக்கட்டுமா? இப்பல்லாம் அப்படித்தான் கேக்கறாங்க. கோட்டு வேணும்னாலும் போட்டுடலாம்."

"வேணாம்ப்பா. அவரு இல்லாதப்ப அவரு மொகத்துல கை வெக்கக் கூடாது" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து, மாலை போட்ட கோபத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள். "டேய், அன்னிக்கு ஒத்தக்கண்ணு சார் எடுத்தாருல்ல? நீ சொன்னது நெஜம்னா அந்தப் படத்துல சிரிச்சிருப்பாருல்ல? நாப்பத்தாறு வருஷம் குடுத்தனம் பண்ணிட்டேன்டா. ஒரு தடவ பாத்துடறேன்."

நான் கீழே ஓடினேன். சார் கதவைத் திறந்தார். சொன்னேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். முதன்முறையாக, உற்றுப் பார்க்கும்போதும் அவருடைய இரண்டு கண்களும் திறந்திருந்ததைப் பார்த்தேன்.

"தம்பி, அதுல ஃபிலிம் இல்ல."

"அந்த ரோல்ல இல்லையா? வேற ரோல்ல இருக்கா?"

"எதுலயுமே இல்ல தம்பி. எப்பவுமே ஃபிலிம் போட்டதில்ல. ஓட்டம் குடுக்கறதுக்காகத்தான்..."

பதினோரு வருடம் நாங்கள் பவுடர் போட்டுக்கொண்டு நின்றது காலி டப்பாக்களுக்கு முன்னால். அப்பா உயிரோடு இருக்கும்போது தெரிந்திருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அறுபத்து மூணு கேமரா வெச்சிருக்கீங்க, ஒரு ஃபிலிம் போட மனசு வரலையா சார்? எங்கள என்னன்னு நெனச்சீங்க? எங்கப்பா உங்களுக்கு என்ன, திருகாணியா, டெஸ்ட் பண்ணிப் பாக்க?"

அவர் முகம் சுருங்கியது. "ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி" என்று உள்ளே திரும்பினார்.

நான் நிற்கவில்லை. மேலே வந்து அம்மாவிடம், "ஃபிலிம்ல பூஞ்சை புடிச்சிடுச்சாம்மா" என்று பொய் சொன்னேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அவளுடைய அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் விஷயத்தை எழுதிப்போட்டேன். இருபத்து நான்கு வீடும் படித்தது. வாயைப் பொத்திச் சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. செயலாளர், "அறுபத்துமூவரும் உபவாசம்" என்று எழுதினார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழுவில் சாரும் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர் வெளியே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், சிரித்தவர்கள் எல்லோரும் எட்டு மணிக்கு ஏதோ ஒரு சாக்கில் கீழேதான் இருந்தார்கள். செயலாளர் புதுச் சட்டையோடு மோட்டார் ரூம் பூட்டைச் சரிபார்த்தார். வாட்ச்மேன் கோபால் தலைக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்து நின்றார்.

"சார் ஏன் சார் வர்ல? சண்டே மாறியே இல்ல. ஃபிலிம் இல்லாட்டி இன்னா இப்போ, நம்ம இன்னா பத்திரிகைலயா போடப் போறோம்?" என்று என்னிடமே கேட்டார்.

நான் மாடிப்படி ஏறினேன். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பதினான்கு படி இறங்கினால் அவர் வீடு. நாளைக்கு, நாளைக்கு என்று மாதங்களை ஓட்டினேன். இடையில் மழைக்காலம் வந்தது, அவருக்கு நெஞ்சுச் சளி கட்டியது, தை பிறந்து ஒரு வாரத்தில் போய்விட்டார்.

ஹாலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் வைக்கப் படம் தேடினார்கள். அறுபத்து மூன்று கேமரா வைத்திருந்த மனிதருக்கு ஒரு படம் இல்லை. கடைசியில் அவருக்கும் அட்டைப் படம்தான் வந்தது. அதில் அதிகாரி சொன்னபடி இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தார். மாலை போட வந்தவர்களில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் மாடி அம்மா என் காதருகே, "இது அவரோட தம்பியா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆன்ட்டி எல்லோரையும் இருக்கச் சொன்னார். பீரோவைத் திறந்தார். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. "அவரு போனா என்ன, பூஞ்சை போயிடுச்சா?" என்றார் யாரும் கேட்காமலே. கீழ்த்தட்டிலிருந்து நீள நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினொன்று இருந்தன.

"ஒவ்வொருத்தரப் பத்தியும் எழுதி வெச்சிருக்காரு. படிங்க."

வரைபடம் வரைந்த கை எழுதிய முத்து முத்தான எழுத்து. ஆண்டு, ஞாயிறு, கேமரா எண், வெளிச்சம், வேகம். அதற்குக் கீழே படம். ஆமாம், வார்த்தையால் எடுத்த படம்தான். செயலாளர் தன் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "செயலாளர், பச்சைக் கட்டம் போட்ட சட்டை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். வேகம் நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒன்று. அதுவரைகூடத் தாங்கவில்லை, விட்டுவிட்டார். விட்ட பிறகுதான் முகம் நன்றாக இருந்தது." கோபால் படிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். "கோபால், புதுத் தொப்பி. மகள் பத்தாவது பாஸ். சொல்லும்போது உதடு துடித்தது. கண்ணில் வேப்பமரம் முழுசாகத் தெரிந்தது." கோபால் நோட்டைத் திரும்ப வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபிலிம் போட்டா ரோலுக்கு முப்பத்தாறு பேர்தான். யார எடுக்கறது, யார விடறதுன்னு பாக்கணும், எனக்கு அது வராதுன்னு சொல்வாரு" என்றார் ஆன்ட்டி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ஒரு நிமிஷம் நில்லுன்னாரே, நீ ஏம்ப்பா நிக்கல? இத எடுத்துட்டு வரத்தான் உள்ள ஓடுனாரு. வந்து பாத்தா வாசல்ல யாருமில்ல."

அவர் நீட்டிய நோட்டில் ஒரு பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் செருகியிருந்தது. எனக்காக அன்றைக்கு வைத்த அடையாளம். அதை எடுத்துக்கொண்டு மேலே போய், அம்மாவை அப்பா படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, பூஞ்சை பிடித்ததாகச் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு, படித்தேன்.

"ஞாயிறு, காலை எட்டே கால். கேமரா எண் 41. வெளிச்சம் இடப் பக்கம், சட்டையில் வேப்பிலை நிழல். வேகம் அறுபதில் ஒன்று. முதல் மாடி சார் இன்று தாமாக வந்து உட்கார்ந்தார். 'மேல என் பையன் நிக்கிறானா?' என்று கேட்டார். பார்த்தேன். 'டம்ளரோட நிக்கிறார்' என்றேன். 'நான் சிரிச்சா அவன் அவங்கம்மாவக் கூப்பிட உள்ள ஓடுவான். அவ அடுப்ப அணைச்சுட்டு வர்றதுக்குள்ள நான் முடிச்சுடுவேன். நீங்க வேணா பாருங்க' என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மேல் வரிசை பல் செட். இடது கன்னத்தில் குழி விழுகிறது. மகன் உள்ளே ஓடினார். அதைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார். இரண்டாவதும் எடுத்தேன். இந்த ஆண்டின் மிக நல்ல படம் இது."

அம்மா நோட்டுப் பக்கம் குனிந்தாள்.

"கன்னத்துல குழின்னா எழுதியிருக்கு? இடது கன்னத்துலயா?"

"ஆமாம்மா."

"கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவ பாத்தேன்டா. அதுக்கப்புறம் வரவே இல்ல. நான்தான் கனவு கண்டேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்." சுவரில் இருந்த கோபத்தை நிமிர்ந்து பார்த்தாள். "கொழுப்பப் பாத்தியா இந்த மனுஷனுக்கு! நான் அடுப்ப அணைச்சுட்டு எப்படி ஓடி வந்தேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று முறை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். இப்போது சுவரில் இருக்கும் அப்பா அவ்வளவு கோபமாக எங்களுக்குத் தெரிவதில்லை.

நோட்டில் அதற்குப் பிறகு நாலு மாதத்துப் பக்கங்கள்தான் இருந்தன. கடைசியாக இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அவர் வாசலுக்குப் போன நாள். புறப்பாடு இல்லாத நாளில் அவர் எழுதிய ஒரே பக்கம்.

"இன்று கேமரா இல்லை. முதல் மாடி சாரின் மகன், வாசலில். வெளிச்சம் குறைவு. கோபத்தில் மூக்கு விரிகிறது, அப்படியே அப்பா. இதை அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். தவறு என்னுடையது. படி ஏறிப் போய்ச் சொல்ல வேண்டும்."

அவரும் பதினான்கு படிகளை நாளைக்கு, நாளைக்கு என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பதினோரு நோட்டிலும் தேடிப் பார்த்துவிட்டேன். எங்கள் எல்லோரையும் பற்றி இருக்கிறது, அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அவர் மாதிரி எழுத வராது. தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஞாயிறு, காலை எட்டு மணி. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வேப்பமரத்தடியில் ஒத்தக்கண்ணு சார், வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் ரெட்டைக் கண் கேமரா. இடது கண் மூடியிருக்கிறது. என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி" என்கிறார்.

நிற்கிறேன் சார். நீங்கள் மெதுவாக வாருங்கள்.